பன்னிரண்டு மில்லி

‘புதன்கிழமை நான் செய்த பின்சக்கர அமைப்பில், டோ அளவை உள்ளே வைப்பதற்குப் பதிலாக வெளியே வைத்துவிட்டேன். வண்டி சுழன்று மோதியதற்கு என் தவறே காரணம்.’

தாளில் இவ்வளவுதான் இருந்தது. கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் நூலக்கா கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி பேனா மூடியைக்கூடக் கழற்றித் தயாராக வைத்திருந்தார். அவ்வளவு அக்கறை.

அவள் மூன்று முறை படித்தாள். முதல் முறை விஷயம் புரிய. இரண்டாம் முறை, தான் படித்தது சரிதானா என்று பார்க்க. மூன்றாம் முறை படிக்கும்போது எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை, அவ்வளவு கோபம். இருபத்திரண்டு வருஷம் சக்கரம் நேராக்குகிற ஒருத்தியிடம் ‘உள்ளே எது, வெளியே எது என்று உனக்குத் தெரியவில்லை’ என்று எழுதிக் கேட்பது, சமையல்காரனிடம் உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது என்று எழுதி வாங்குவதைப் போல. எழுதியவருக்குக் கை கூசியிருக்க வேண்டும். கூசவில்லை. எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்திருந்தார்கள்.

‘‘நான் போட மாட்டேன் சார்.’’

‘‘ஏம்மா, யாரும் உன்னை வேலையை விட்டா போகச் சொன்னாங்க? பந்தயக் கமிட்டிக்கு ஒரு காரணம் எழுதிக் குடுக்கணும். தப்பு யாருக்கும் வரும். போட்டுட்டுப் போய் அடுத்த வேலையைப் பாரு.’’

டோ என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நிற்கும்போது பாதங்களின் முன்பக்கம் ஒன்றையொன்று பார்த்து லேசாக உள்ளே திரும்பியிருந்தால் டோ உள்ளே. வாத்து மாதிரி விரிந்திருந்தால் டோ வெளியே. சக்கரத்துக்கும் அதே கதைதான். டிரிஃப்ட் பந்தய வண்டி வளைவில் பின்பக்கத்தை வழுக்கவிட்டுக்கொண்டே போகிற வண்டி. அதற்காகப் பின்சக்கரம் தன்னிஷ்டத்துக்கு ஆடலாம் என்று அர்த்தமில்லை. வழுக்குவதும் ஓட்டுகிறவன் சொன்ன இடத்தில், சொன்ன அளவுக்கு வழுக்க வேண்டும். அதற்குத்தான் பின்சக்கரங்களை ஓரிரண்டு மில்லிமீட்டர் உள்ளே திருப்பி வைப்பது. வெளியே திரும்பியிருந்தால், ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு மாறுகிற நொடியில் வண்டி கையை உதறிவிட்டு ஓடும்.

வெள்ளிக்கிழமை காலை, ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கான ஒத்திகை ஓட்டத்தில் அப்படித்தான் ஓடியது. இரண்டாவது வளைவில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, முன்பக்க இடது மூலையால் டயர் அடுக்கில் போய் இடித்தது. பம்பர் உடைந்தது. உள்ளே இருந்தவனுக்குத் தோள்பட்டையில் பெல்ட் பதிந்த தடம். அவ்வளவோடு போயிற்று. உள்ளே இருந்தவன் நூலக்காவின் கூடப்பிறந்த தம்பி. ஊரே அவனைப் பம்பரம் என்றுதான் கூப்பிடும்.

அவளுக்கு நூலக்கா என்று பெயர் வந்ததும் இந்தத் தொழிலால்தான். இருபத்து நான்கு வயதில் இந்தப் பட்டறைக்குப் பழைய டயர்களைக் கழுவி அடுக்க வந்தவள். அடுக்கும்போது பார்த்தாள்: சில டயர்கள் உள் ஓரத்தில் மட்டும் வழுக்கையாகி, வெளி ஓரத்தில் புதுசு போல இருந்தன. ஏன் என்று கேட்டாள். ‘அது அப்படித்தான்’ என்றார்கள். ‘அது அப்படித்தான்’ என்ற பதில் அவளுக்கு என்றைக்குமே செரித்ததில்லை. கேட்டுக் கேட்டு, வண்டிக்கடியில் படுத்துப் படுத்து, ஒரு வருஷத்தில் அந்தக் காரணத்தைக் கையால் பிடித்துத் திருகவும் கற்றுக்கொண்டாள்.

வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டுவாள். இரண்டு நரம்பும் வண்டிக்கு இணையாக நிற்கிறதா என்று நாலு இடத்தில் பார்ப்பாள். பிறகு இரும்பு ஸ்கேலை வைத்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று படிப்பாள். புதிதாக வருகிறவர்கள், யாரோ தையல்காரி வழி தவறி வந்துவிட்டாள் என்று நினைப்பதுண்டு. ஓட்டிப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விடும்.

கோணல் அவளுக்கு ஆகாது. பக்கத்து வீட்டு இரும்புக் கதவு ஒரு விரல் சரிந்திருந்தது என்று கேட்காமலே போய் நிமிர்த்திவிட்டு வந்தவள். ‘‘கல்யாண போட்டோவுல கூட என் கழுத்தைப் பிடிச்சு நேராக்கிட்டுத்தான் எடுக்க விட்டா’’ என்று பேக்கரியில் வேலை பார்க்கிற அவள் கணவர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். புகைப்படத்தில் அவர் கொஞ்சம் பயந்த மாதிரித்தான் நிற்கிறார்.

புதன்கிழமை முழுக்க அவள் தம்பியின் வண்டிக்கடியில் கிடந்தாள். தரையோடு தரையாக இறக்கிய வண்டி அது. இறக்கிவிட்டால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டோ மாறும், ஒன்றைத் தொட்டால் மூன்று நகரும். காற்றழுத்தம் பார்த்து, டேங்க்கைப் பாதி நிரப்பி, ஓட்டுகிறவன் இருக்கையில் அவன் எடைக்கு மணல் மூட்டைகளை வைத்து, அதற்குப் பிறகுதான் நரம்பைக் கட்டினாள். வெறும் வண்டியை அளப்பது, ஆளே இல்லாமல் சட்டைக்கு அளவெடுப்பது என்பது அவள் கட்சி. சாய்வை நிமிர்த்தி, பின்சக்கரம் ஒவ்வொன்றையும் இரண்டு மில்லி உள்ளே வைத்து, மூன்று தரம் அளந்து, நட்டுகளை முறுக்கிவிட்டுத்தான் கையைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை வண்டி இடித்துத் திரும்பியதும் முன்கூடத்தில், சக்கரக் கோணம் அளக்கிற கம்ப்யூட்டர் மேடையில் ஏற்றினார்கள். அந்த மேடையைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பிரிண்ட் என்று பெயர். எதைக் கேட்டாலும் பிரிண்ட் எடுத்துத்தான் பதில் சொல்வார். அன்றைக்கு எடுத்த பிரிண்டில் பின்சக்கரம் இரண்டும் கிட்டத்தட்ட இரண்டு மில்லி வெளியே என்று சிவப்பில் வந்தது. அவள் சொன்னது இரண்டு மில்லி உள்ளே. அதே இரண்டு. அப்புறம் என்ன, ‘அக்கா மாத்தி வெச்சிடுச்சு’ என்று பட்டறையில் இருந்த எல்லாரும் ஒரே நிமிஷத்தில் நீதிபதி ஆனார்கள். அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூப்பிட்டபோது தாள் தயாராக இருந்தது.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். முதலாளி மேஜைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி தம்பி நின்றிருந்தான்.

‘‘நீ சொல்லுடா. நான் மாத்தி வெக்கிற ஆளா?’’

அவன் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி.

‘‘விடுக்கா. எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. யாருக்கும் நடக்கிறதுதான். ஒத்துக்கிட்டுப் போட்டுரு.’’

அம்மா ஷிஃப்டுக்குப் போன வருஷங்களில் இவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போனவள் அவள். இவன் உடைத்த ஜன்னல்களுக்கெல்லாம் ‘நான்தான் உடைச்சேன்’ என்று சொன்னவள் அவள். அந்தப் பழக்கம் இவனுக்கு இன்னும் போகவில்லை போலிருக்கிறது. பேனாவை மேஜையில் வைத்தாள். மூடியைத் தேடி எடுத்துப் போட்டு மூடினாள். வெளியே நடந்தாள்.

வீட்டில் கணவர் காலை வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார். அவள் தட்டைத் தொடவில்லை. வாசலிலிருந்து இரண்டு செருப்புகளை எடுத்துவந்து சமையலறைத் தரையில் வைத்தாள். முனைகளை உள்ளே திருப்பினாள். வெளியே திருப்பினாள். மறுபடியும் உள்ளே. ஸ்கேலை எந்தப் பக்கம் முதலில் வைத்தாள், எந்த எண் பெரிதாக இருந்தது, நட்டை எந்தத் திசையில் சுற்றினாள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே திருப்பினாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. வந்தும் மனசு ஆறவில்லை. அவள் கையையே அவள் சந்தேகப்படும்படி செய்துவிட்டார்களே, அதை நினைக்க நினைக்கத்தான் ஆத்திரம் பொங்கியது.

‘‘செருப்பு என்ன தப்பு பண்ணிச்சு?’’ என்றார் அவர். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கையை நக்கிவிட்டு யோசித்தார். பேச்சில் அவசரப்படாத மனுஷர்.

‘‘மெஷின் பொய் சொல்லுமா?’’

‘‘அந்த மெஷின் நல்ல மெஷின்தாங்க. பொய் சொல்லாது.’’

‘‘நீயும் பொய் சொல்லல.’’

‘‘சொல்லல.’’

‘‘அப்ப ரெண்டு பேரும் அளந்தது ஒரே வண்டிதானான்னு பாரு. நான் விடிகாலையில தட்டுல வெக்கிற மாவும், ஒரு மணி நேரம் கழிச்சு எடுக்கிற மாவும் ஒரே மாவுதான். உயரம் ஒண்ணா இருக்கா?’’

அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு செல்போனை எடுத்தாள். வியாழக்கிழமை டயர் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்கு வண்டியைப் படம் பிடிக்க வந்தார்கள். அன்று அவளுக்கு விடுமுறை. தம்பி அனுப்பிய படம் இருந்தது. அன்றைக்கு ‘நல்லா இருக்குடா’ என்று பதில்கூடப் போட்டிருந்தாள். இப்போது படத்தைப் பெரிதாக்கிப் பின்சக்கரத்துக்கும் அதன் மேலே இருக்கிற வண்டித் தகட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கைப் பார்த்தாள். புதன்கிழமை அந்த இடுக்கில் அவளுடைய ஒரு விரல் போயிற்று. படத்தில் ஒரு தீக்குச்சியைக்கூட நுழைக்க முடியாது.

‘‘சாப்பிட்டுட்டுப் போ’’ என்றார் கணவர். அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

பட்டறையில் வண்டி பின்கூடத்தில் நின்றது. முதலாளி, பிரிண்ட், பம்பரம் மூன்று பேரும் புது பம்பரைப் பொருத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்சக்கரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்குத்தான் ஆள் கிடைத்தாயிற்றே.

அவள் யாரையும் கேட்கவில்லை. மணல் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டுகிறவன் இருக்கையில் வைத்தாள். காற்றழுத்தம் பார்த்தாள். டேங்க்கில் குறைந்திருந்ததைப் பாதிக்கு ஏற்றினாள். மூட்டை இல்லாமல் அளந்தால் நாளைக்கு அதையே சாக்காகச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

‘‘என்னம்மா பண்றே?’’ என்றார் முதலாளி.

‘‘நீங்க பண்ண வேண்டியதைப் பண்றேன் சார். இங்க வாங்க. அண்ணே, நீங்களும் வாங்க. பிரிண்ட் எடுக்க முடியாது, கண்ணால பாருங்க.’’

பெட்ரோல் மூடிக் கதவைத் திறந்தாள். உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டு டேப். வேலை முடித்த ஒவ்வொரு வண்டியிலும் அவள் ஒட்டுகிற டேப் அது. சக்கர மையத்திலிருந்து அதற்கு மேலே இருக்கிற வண்டித் தகட்டின் விளிம்பு வரைக்கும் உயரம், இடது, வலது, தேதி. பின்னால் அந்த வண்டி மறுபடி வந்தால் தனக்கு உதவும் என்று ஒட்டுவது. யாரும் கேட்டதில்லை, அவளும் யாருக்கும் சொன்னதில்லை. புதன்கிழமைத் தேதியில், இரண்டு பக்கமும் முந்நூற்று இருபத்து நான்கு மில்லி என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

ஸ்கேலைப் பிரிண்ட் கையில் கொடுத்தாள். ‘‘நீங்களே அளங்கண்ணே.’’

அவர் குனிந்து இடது பக்கம் அளந்தார். எழுந்து போய் வலது பக்கம் அளந்தார். மறுபடியும் இடது பக்கம் வந்தார். ‘‘முந்நூத்தி பன்னெண்டு’’ என்றார், குரல் இறங்கி. ‘‘ரெண்டு பக்கமும்.’’

‘‘இடிச்சதுல இறங்கியிருக்கும்’’ என்றார் முதலாளி.

‘‘முன்னாடி இடிச்சா பின்னாடி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இறங்குமா சார்? படுத்துப் பாருங்க. ஸ்பிரிங்குக்குக் கீழ இருக்கிற வளையம், முன்ன எங்க இருந்துச்சோ அந்த இடத்துல மட்டும் மரை பளபளன்னு இருக்கு. அதுக்குக் கீழ புழுதியில ஸ்பேனர் தடம் புதுசா இருக்கு. நான் டோ வெச்ச பிறகு யாரோ வளையத்தை இறக்கி வண்டியைத் தாழ்த்தியிருக்காங்க. இந்த வண்டியில பின்பக்கம் இறங்க இறங்க டோ வெளிய திரும்பும். உங்க மெஷின் சொன்னது சரி. என் நரம்பு சொன்னதும் சரி. நடுவுல பன்னெண்டு மில்லி யார் எடுத்ததுன்னுதான் கேக்கிறேன்.’’

முதலாளி பிரிண்டைப் பார்த்தார். பிரிண்ட் கையை விரித்தார். பிறகு இருவரும் பம்பரத்தைப் பார்த்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

‘‘நான்தான்’’ என்றான். ‘‘போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் தாழ்வா இருந்தா அம்சமா இருக்கும்னார். ஆறு சுத்து இறக்கினேன். மறுபடி ஏத்திடலாம்னு நினைச்சேன், காலையில அவசரத்துல… உயரம்தானே, பார்வைக்குத்தானேன்னு…’’

‘‘சரி விடுப்பா’’ என்றார் முதலாளி, உடனே. ‘‘தெரியாம நடந்துபோச்சு. சின்ன விஷயம். யாரும் இதைப் பெருசு பண்ண வேண்டாம்.’’

நூலக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காலையில் இதே மனுஷர், இதே இரண்டு மில்லி. அவள் செய்ததாக நினைத்தபோது தாள் அடித்தார், கோடு போட்டார், பேனா மூடியைக் கழற்றினார். வண்டி ஓட்டுகிறவன் செய்தான் என்றதும் சின்ன விஷயம் ஆகிவிட்டது. இப்படி ஒரு தராசை அவள் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

ஆனால் அவள் முதலாளியிடம் பேசவில்லை. தம்பியிடம் திரும்பினாள்.

‘‘உனக்கு எப்ப தெரியும்?’’

‘‘என்னது?’’

‘‘நீ இறக்கினதாலதான் டோ மாறிச்சுன்னு. எப்ப தெரிஞ்சுது?’’

அவன் மென்று முழுங்கினான். ‘‘சிவப்பா வந்த தாளைப் பாத்தப்ப.’’

‘‘தாள் அடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?’’

வெளியே தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து நின்றது.

‘‘முன்னாடி’’ என்றான். ‘‘நான்னு தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை வேற ஆளை உக்கார வெச்சிடுவாங்க. உனக்குன்னா… உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா. உன் வேலை எங்கயும் போகாது.’’

‘‘வேலை போகாது’’ என்றாள் அவள். ‘‘அப்ப வேற எதுவும் போகாதா எனக்கு?’’

அவள் இன்னும் கேட்க நினைத்தாள். அந்த அளவோடு ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க நினைத்தாள். இவன் எதிரில் அழக் கூடாது என்று மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாக இருக்கையிலிருந்து இறக்கினாள்.

‘‘மூட்டை வேண்டாம். நீயே ஏறி உக்காரு.’’

அவன் ஏறி உட்கார்ந்தான். அவள் வளையத்தை ஆறு சுற்று ஏற்றினாள். நரம்பைக் கட்டினாள். மதியத்திலிருந்து வெயில் சாயும் வரைக்கும் வேலை பார்த்தாள். தகரக் கூரைக்கடியில், ஜன்னலை ஏற்றிவிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அவன் உள்ளே இருந்தான். ஹெல்மெட்டையும் போடச் சொன்னது அவள்தான்; அதுவும் எடைதானே. ஒரு தடவை தண்ணீர் கேட்டான். ‘‘எடை மாறும்’’ என்றாள். பிரிண்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போய்விட்டார். கோபத்திலும் அவள் கை அரை மில்லி பிசகவில்லை. இடது இரண்டு, வலது இரண்டு, உள்ளே. பிறகு அவளே வண்டியைக் கம்ப்யூட்டர் மேடைக்குத் தள்ளச் சொன்னாள். பிரிண்ட் எடுத்த தாளில் சிவப்பே இல்லை.

புது டேப்பில் உயரத்தை எழுதிப் பழைய டேப்புக்குக் கீழே ஒட்டினாள். பழையதைக் கிழிக்கவில்லை.

முதலாளி காலையில் அடித்த தாளுடன் வந்தார். ‘‘இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்மா. மனசுல வெச்சுக்காதே.’’

‘‘கிழிக்காதீங்க சார். கமிட்டிக்குக் காரணம் வேணும்னீங்களே.’’

தாளை வாங்கி மேஜையில் வைத்து, அச்சடித்திருந்த வரிகளைக் குறுக்கே அடித்தாள். கீழே தன் கையால் எழுதினாள்: ‘அமைப்பு முடிந்த பிறகு, படம் பிடிப்பதற்காக ஓட்டுநர் வண்டியின் பின்பக்கத்தைப் பன்னிரண்டு மில்லி இறக்கினார். மறுபடி ஏற்றவில்லை.’ அதன் கீழே ஸ்கேலை வைத்து ஒரு கோடு இழுத்தாள். பேனாவைத் தம்பியிடம் நீட்டினாள்.

அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி கூரையைப் பார்த்தார். அவன் அக்காவைப் பார்த்தான். ஜன்னல் உடைந்த நாட்களில் பார்ப்பானே, அதே பார்வை. ஒரு நிமிஷம் போனால் அவள் பேனாவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாள் என்று காத்திருந்தான். அவள் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது.

அவன் வாங்கிக் கையெழுத்துப் போட்டான். வியர்வை சொட்டி ஓரத்தில் மை கலைந்தது.

அவள் நரம்பைச் சுருட்டினாள். ஸ்கேலைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் வயிற்றுக்கு நினைவு வந்தது. வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து அவன் கூப்பிட்டான்.

‘‘அக்கா. ஞாயித்துக்கிழமை என்னைத்தான் உக்கார வெச்சாங்கன்னா… நீ வருவேல்ல?’’

‘‘வருவேன்’’ என்றாள், திரும்பிப் பார்க்காமல். ‘‘வண்டியைப் பாக்க.’’